உட்கார்ந்த வண்டியை நிமிர்த்துவது: பழைய எஸ்யூவிகளைக் குறைந்த செலவில் உயர்த்தும் வழிகளும் அவற்றின் எல்லைகளும்

பழநி மலையின் கீழ்மலைப் பகுதியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்கும், மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை பக்கத்துப் பூண்டு, கேரட், உருளைக்கிழங்குக் காடுகளுக்கும் ஆளையும் மூட்டையையும் ஏற்றிப் போய்வரும் வண்டிகளில் பல, சமவெளியில் பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த பிறகு மலையேறியவை. 1994இல் வந்த டாடா சுமோ, 2000இல் வந்த மஹிந்திரா பொலிரோ, அதே ஆண்டு வந்து 2005இல் இன்னோவாவுக்கு இடம்விட்ட டொயோட்டா குவாலிஸ், 2004இல் வந்த செவ்ரோலே டவேரா, இவற்றுக்கெல்லாம் மூத்த மஹிந்திரா ஜீப்புகள், மாருதி ஜிப்ஸி ஆகியவை இன்னும் இங்கே உழைத்துக்கொண்டிருக்கின்றன. தார்ச் சாலை முடிந்து தோட்டப் பாதை தொடங்கும் இடத்தில் இவற்றின் உரிமையாளர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: அடி தட்டுகிறது. பட்டறையில் அதற்குக் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் ஒன்றுதான்: கொஞ்சம் தூக்கிவிடலாம்.

தூக்குவதில் தவறில்லை, குறைந்த செலவில் தூக்கவும் முடியும். ஆனால் மலிவாகக் கிடைக்கும் ஒவ்வொரு வழியும் வண்டியின் ஒரு பகுதியை மட்டுமே உயர்த்துகிறது; பல நேரங்களில் அது தட்டுகிற பகுதியாக இருப்பதில்லை. பதினைந்து, இருபது வருடம் ஓடிய வண்டியில் இன்னொரு செய்தியும் உண்டு. அது தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்தில் இப்போது நிற்பதே இல்லை. ஆகவே புதிதாக உயரம் சேர்ப்பதற்கு முன்னால், வயதும் பாரமும் தின்றுவிட்ட உயரத்தை மீட்பதுதான் செலவும் ஆபத்தும் குறைந்த வழி என்பது என் கருத்து.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால், உயரம் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒன்றல்ல என்பது விளங்கும். பின் ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும், என்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல்தான் இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் தரைக்கு மிக அருகில் இருக்கும் பாகம். அந்த ஆக்ஸில் சக்கரங்களோடு இணைந்தது. ஸ்பிரிங்கோடு சேர்ந்து மேலே போகாது. ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயரைத் தவிர வேறு வழி கிடையாது. ஸ்பிரிங்கை உயர்த்துவதால் மேலே போவது வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸும் அதோடு பிணைந்த என்ஜின், கியர்பாக்ஸ், சைலன்சர், டீசல் டேங்க், படிக்கட்டு, பம்பர் ஆகியவையும்தான். அதனால் மேட்டில் ஏறத் தொடங்கும்போது முன் பம்பர் இடிப்பதும், இறங்கி முடிக்கும்போது பின்புறம் உரசுவதும், மேட்டின் முகட்டில் வண்டியின் நடு வயிறு தட்டுவதும் குறையும். சக்கரத் தடங்களுக்கு நடுவே புல் முளைத்து உயர்ந்து நிற்கும் திட்டில் டிஃபரன்ஷியல் உழுதுகொண்டு போவது மட்டும் குறையாது.

நம் மலைப் பாதைகளில் இந்த இரண்டு சிக்கல்களும் உண்டு, ஆனால் ஒரே பாதையில் ஒரே அளவில் இருப்பதில்லை. மழைநீர் பாதையை அரித்துவிடாமலிருக்கத் தோட்டக்காரர்கள் குறுக்கே வெட்டிவிடும் வாய்க்கால்களும், அவற்றை ஒட்டிய மண் மேடுகளும் கீழ்மலையில் அதிகம். அங்கே தட்டுவது பம்பரும் நடு வயிறும். டிராக்டரும் பாரவண்டியும் ஓடி ஆழமாகப் பள்ளம் விழுந்த காய்கறிக் காட்டுப் பாதைகளில் தட்டுவது டிஃபரன்ஷியல். எது தட்டுகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. டிஃபரன்ஷியலின் அடிப்பக்கம், சைலன்சரின் தாழ்ந்த வளைவு, கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், படிக்கட்டின் விளிம்பு, பின்னால் இழுவைக்காக மாட்டிய கொக்கி ஆகியவற்றில் குழைத்த சுண்ணாம்பைத் தடவிக் காயவிட்டு, வழக்கமான பாரத்தோடு வழக்கமான பாதையில் ஒருமுறை போய்வந்தால், எங்கே வெள்ளை வழிக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் சிக்கல். இதைச் செய்து பார்த்தவர்களில் சிலருக்குத் தூக்கவேண்டிய தேவையே இல்லாமல் போகும். பிற்காலத்தில் பொருத்திய இரும்புப் படிக்கட்டும் இழுவைக் கொக்கியும்தான் தட்டுகின்றன என்று தெரிந்தால் அவற்றைக் கழற்றினால் போதும். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்து தொங்கினால் அதை மாற்றினால் போதும்.

சுண்ணாம்பு வேறு கதை சொன்னால் அடுத்த வேலை அளவெடுப்பது. டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்காமலிருக்க, தரையிலிருந்து அளக்காமல் சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளக்க வேண்டும். தளம் சமமாகவும் வண்டி காலியாகவும் இருக்க வேண்டும். இடது வலது அளவுகள் வேறுபட்டால் ஒரு பக்கத்து ஸ்பிரிங் கூடுதலாகத் தளர்ந்திருக்கிறது. அதே மாடலில் நன்றாகப் பராமரிக்கப்பட்ட இன்னொரு வண்டி அக்கம்பக்கத்தில் இருந்தால் அதையும் அளந்து ஒப்பிடுவது நல்லது. ஆண்டுக்கணக்கில் மூட்டை சுமந்த வண்டிகளில் பின்பக்கம் இரண்டு விரற்கடைக்கு மேல் உட்கார்ந்திருப்பதைக் காண்பது அரிதல்ல.

மேலே சொன்ன வண்டிகள் பெரும்பாலானவற்றில் பின்னால் இருப்பது கமான் பட்டை. பழைய ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் நான்கு பக்கமும் அதுவே. நீளம் குறைந்துகொண்டே போகும் பட்டைகளை அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட்டால் கோத்து, யூ போல்ட்டுகளால் ஆக்ஸிலோடு இறுக்கியிருப்பார்கள். மெயின் பட்டை எனப்படும் மேல் பட்டையின் இரு முனையிலும் உள்ள கண்களில் ஒன்று சேஸிஸில் நேராக மாட்டப்பட்டிருக்கும். மற்றொன்று ஷாக்கிள் என்ற, முன்னும் பின்னும் அசையும் இணைப்புத் தகட்டில் தொங்கும். பட்டறைத் தரையில் இந்த அடுக்கைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் வண்டியின் வரலாறு தெரியும். கீழ்ப் பட்டையின் முனை மேல் பட்டையில் அரைத்து அரைத்து உண்டாக்கிய குழி, இரண்டு பட்டைகளுக்கு நடுவே செதிலாக உதிரும் துரு, வில்லாக வளைந்திருக்க வேண்டிய மெயின் பட்டை ஏறக்குறைய நேர்க்கோடாகக் கிடப்பது, சென்டர் போல்ட்டின் தலை ஒரு பக்கம் மழுங்கியிருப்பது என ஒவ்வொன்றும் கண்ணில் படும். குழியின் ஆழம் விரல் நகத்துக்குத் தட்டுப்பட்டாலே அந்தப் பட்டையை மீண்டும் போடக் கூடாது. வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

நல்ல நிலையிலுள்ள பட்டைகளுக்கு மீண்டும் வளைவு கொடுக்கலாம். தமிழ்நாட்டில் லாரி ஓடும் ஊர்களிலெல்லாம் இந்த வேலைக்கென்றே பட்டறைகள் உண்டு. மலையில் இருப்பவர்கள் வத்தலக்குண்டோ திண்டுக்கல்லோ இறங்கினால் போதும். முறையாகச் செய்பவர்கள் பட்டையைச் சூடாக்காமல், அழுத்தும் இயந்திரத்திலோ சம்மட்டியாலோ நீளவாக்கில் சிறிது சிறிதாக நகர்த்தி அடித்து வளைவைத் திருப்புவார்கள். வேலை விரைவாக முடியவேண்டும் என்பதற்காக உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவிடுவது சில இடங்களில் வழக்கம். இந்தப் பட்டைகள் சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த ஸ்பிரிங் எஃகு. தொழிற்சாலையில் எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டவை. வெறுமனே காய்ச்சி ஆறவிட்டால் அந்தப் பதம் போய்விடும். வண்டி பட்டறையிலிருந்து கம்பீரமாக வெளியே வரும். சில மாதப் பாரத்தில் முன்னைவிட மோசமாக உட்காரும். காய்ச்சித்தான் வளைப்போம் என்பவர் திரும்பவும் எண்ணெயில் குளிர்வித்துப் பதம் ஏற்றும் வசதி வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு ஒப்படைப்பது நல்லது. சூடில்லாமல் வளைத்த பட்டையும் புதியதைப் போல நெடுநாள் நிற்காது. அதன் எஃகு ஏற்கெனவே சோர்ந்தது. பணம் இடம் கொடுத்தால் அதே அளவில் புதிய பட்டைத் தொகுதியே சிறந்தது. உட்கார்ந்த வண்டிக்கு அதைவிட நேர்மையான உயர்த்தல் வேறில்லை.

கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது இங்கே மிகவும் பழக்கமான வழி. உயரம் கூடும், பாரம் தாங்கும் வலுவும் கூடும். ஆனால் கூடும் அளவு எதைப் பொறுத்தது என்று பலர் பார்ப்பதில்லை. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது. 7 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் அதே நீள அகலத்தில் 8 மில்லிமீட்டர் பட்டையைப் போட்டால், ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறையப் பாதி மடங்கு கூடிவிடும். கிடைத்த லாரிப் பட்டையை வெட்டிச் செருகும் வண்டிகள் காலியாகப் போகும்போது பின்பக்கம் குதிப்பதற்குக் காரணம் இதுதான். ஈரமான வளைவில் பின்சக்கரம் குதித்தால் அது தரையைப் பிடித்திருக்கும் நேரம் குறைகிறது. சேர்ப்பதானால் மெல்லியதாகவும், மெயின் பட்டைக்கு அடுத்த நீளத்தில் உள்ளதாகவும் இருக்க வேண்டும். குட்டையான தடித்த பட்டை, தான் முடியும் இடத்தில் மேல் பட்டையை ஒரே புள்ளியில் மடக்கி முறித்துவிடும். அடுக்கு உயர்வதால் நீளமான சென்டர் போல்ட்டும் புதிய யூ போல்ட்டும் தேவை. பழைய யூ போல்ட் ஏற்கெனவே இழுபட்டு நீண்டது, அதையே மறுபடி முறுக்குவது பொய்ச் சிக்கனம். சந்தைக்குப் போகும்போது மூட்டையும் திரும்பும்போது வெற்று வண்டியும் என ஓடுபவர்களுக்கு, பாரம் ஏறினால் மட்டும் தொட்டுத் தாங்கும் ஹெல்பர் பட்டை இதைவிடப் பொருத்தமானது.

நீளமான ஷாக்கிள் எல்லாவற்றிலும் மலிவானது. பட்டையின் ஒரு முனை மட்டுமே ஷாக்கிளில் தொங்குவதால், ஷாக்கிளை எவ்வளவு நீட்டுகிறோமோ அதில் பாதிதான் வண்டி உயரும். 50 மில்லிமீட்டர் நீட்டினால் 25 மில்லிமீட்டர். அந்தப் பாதிக்காக ஆக்ஸில் சற்றே சுழன்றுவிடுகிறது என்பதே இதன் சிக்கல். பின்பக்கம் டிஃபரன்ஷியலின் மூக்கு மேல்நோக்கித் திரும்பி, கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள கோணம் சமமில்லாமல் போய், வேகத்தில் அதிர்வு வரும். பழைய ஜீப், ஜிப்ஸி வகையில் முன் ஆக்ஸிலுக்கும் இதையே செய்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். ஷாக்கிள் பட்டையின் முன் முனையில் இருக்கும் வண்டியில் அதை நீட்டினால் காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் அந்தக் கோணத்தால் வருவது. கொண்டை ஊசி வளைவுகளை அடுத்தடுத்துத் திருப்பி இறங்குகிற சாலையில் அந்தக் குணம் போய்விட்டால் ஓட்டுபவரின் கை ஓய்வதே இல்லை. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துக் கோணத்தைச் சரிசெய்யலாம். வெறும் இரண்டு தகடுகளாக இருக்கும் ஷாக்கிளை நீட்டினால் வண்டி பக்கவாட்டில் ஆடும். இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் பற்றவைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷாக்கிளைக் கழற்றும்போதே அதன் புஷ்களை, அதாவது கண்களுக்குள் இருக்கும் உறைகளை, மாற்றிவிட வேண்டும்.

பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது மூன்றாவது வழி. கட்டையின் உயரம் எவ்வளவோ அவ்வளவும் வண்டிக்குக் கிடைக்கும். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாததால் ஓட்டமும் கடினமாகாது. ஆனால் பட்டை ஆக்ஸிலுக்கு மேலே அமர்ந்திருக்கும் வண்டிக்கு மட்டுமே இது பொருந்தும். பழைய ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே தொங்குகிறது. அங்கே கட்டை வைத்தால் வண்டி தாழும். பட்டையைக் கீழிருந்து மேலே மாற்றும் வேலை பெரியது, மலிவு என்ற தலைப்பில் அடங்காது. கட்டை வைப்பதைப் பின்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸில் முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். கட்டை உயர உயர அந்தத் திருகல் பட்டையை எஸ் வடிவில் முறுக்கும் வலிமையும் கூடும். முன் ஆக்ஸிலில் பிரேக்கின் பெரும்பங்கும் ஸ்டியரிங்கும் சேர்ந்திருப்பதால் அங்கே கட்டை கூடவே கூடாது. மரக்கட்டை வைப்பது, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டை அடுக்குவது ஆகியவற்றைப் பற்றித் தனியே எழுதவும் வேண்டியதில்லை. கட்டை நழுவினால் ஆக்ஸிலும் நழுவும்.

குவாலிஸ், டவேரா, 1998இல் வந்த முதல் டாடா சஃபாரி, 2010இல் வந்த மஹிந்திரா தாரின் சிஆர்டிஇ வகை ஆகியவற்றின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளவாக்கில் ஓடும் டார்ஷன் பார் என்ற எஃகுத் தண்டு முறுக்கிக்கொண்டு பாரம் தாங்குகிறது. அதன் முனையில் உள்ள போல்ட்டை முறுக்கினால் முன்பக்கம் எழும். ஸ்பானர் இருந்தால் போதும், பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பதால் மெக்கானிக்குகள் முதலில் கை வைப்பது இங்கேதான். வருடங்களில் தளர்ந்துபோன உயரத்தை மீட்பதற்காகவே அந்த போல்ட் கொடுக்கப்பட்டிருக்கிறது. போல்ட்டை முறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்று பரவலாக நம்பப்படுகிறது, அது உண்மையல்ல. தண்டின் விறைப்பு அதன் நீளத்தையும் பருமனையும் பொறுத்தது, முறுக்கினால் மாறாது. பிறகு ஏன் வண்டி கட்டைபோல ஓடுகிறது? சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தை நாம் தின்றுவிட்டோம். சக்கரத்தைச் சேஸிஸோடு இணைத்து மேலும் கீழும் அசையும் கை முன்பே கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்பதால், சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியவுடன் கீழ்த்தடையில் டங்கென்று இடிக்கும். கையின் நுனியில் உள்ள பால் ஜாயிண்டுகளும், நாலு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளில் முன் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் ஜாயிண்டுகளும் தாங்கள் வடிவமைக்கப்படாத கோணத்தில் வேலை செய்து விரைவில் தேயும். மூல உயரத்திலிருந்து 25 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலிருப்பதும், இரண்டு பக்கமும் அளந்து சமமாக வைப்பதும், அன்றைக்கே வீல் அலைன்மெண்ட் பார்ப்பதும் இதற்கான கட்டுப்பாடு. அலைன்மெண்ட் செலவை மிச்சப்படுத்தியவருக்குச் சில ஆயிரம் கிலோமீட்டரில் இரண்டு டயரின் ஓரம் வழுக்கையாகும்.

சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் ஸ்பிரிங்கின் தலைப்பக்கத்தில் கடினமான ரப்பராலோ பாலியூரித்தேனாலோ ஆன வளையம் வைப்பது உண்டு. நேர் ஆக்ஸிலின் மேல் ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் பின்பக்கத்தில் 20 மில்லிமீட்டர் வளையம் ஏறக்குறைய அதே 20 மில்லிமீட்டரைத் தரும். முன்பக்கத்தில் கணக்கு வேறு: ஸ்பிரிங் கையின் நுனியில் இல்லாமல் உள்ளே தள்ளி அமர்ந்திருக்கிறது. கையின் நீளத்தில் அறுபது விழுக்காட்டுத் தூரத்தில் ஸ்பிரிங் இருந்தால் 10 மில்லிமீட்டர் வளையம் வண்டியை 16, 17 மில்லிமீட்டர் உயர்த்திவிடும். அதனால் பின்னால் போட்ட அதே தடிமனை முன்னாலும் போட்டால் மூக்குத் தூக்கிய வண்டி கிடைக்கும். சஃபாரி போன்ற வண்டிகளின் பின்பக்கத்தில் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்ட் ராடு ஒன்று உண்டு; உயர்த்த உயர்த்த அது ஆக்ஸிலை ஒரு பக்கமாக இழுக்கும். சாலையோரக் கடைகளில் விற்கும், சுருள்களுக்கு நடுவே திணிக்கும் ரப்பர் பஃபர்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை ஒரு சுருளை வேலை செய்யவிடாமல் கட்டிப்போடுகின்றன. அதன் பங்கையும் மற்றச் சுருள்களே சுமக்கின்றன. சேற்றிலும் மழையிலும் அவை நழுவி வெளியே வருவதும் உண்டு.

ஷாக் அப்சார்பரை மாற்றினால் வண்டி உயரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாதாரண எண்ணெய் ஷாக் அப்சார்பர் பாரம் தாங்குவதில்லை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க மட்டுமே செய்கிறது. உயர்த்திய பிறகு அதன் நீளம் போதுமா என்பதுதான் பார்க்க வேண்டியது. சேஸிஸை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டால், முதலில் இழுபட்டு நிற்பது எது என்று தெரியும். ஷாக் அப்சார்பர் முதலில் நின்றால் அதன் கண் அறுந்துபோகும். பிரேக் எண்ணெய் போகும் வளையும் குழாயான பிரேக் ஹோஸ் முதலில் நின்றால் அது அதைவிட மோசம்; அப்படி இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

டயருக்கு வருவோம். பொலிரோவின் டயர் அளவு 215/75 ஆர் 15. கணக்குப் போட்டால் அதன் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் 733 மில்லிமீட்டர் ஆகும். டிஃபரன்ஷியல் உயர்வது அதில் பாதி, 15 மில்லிமீட்டர். அற்பம்போலத் தோன்றினாலும் டிஃபரன்ஷியல் தட்டும் பாதையில் மேலே சொன்ன வழிகள் எதுவும் தராத 15 மில்லிமீட்டர் அது. விலையாக, ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62க்கு மேல் ஓடும். ஒவ்வொரு கியரும் நான்கு விழுக்காடு நீளும். ஏற்றத்தில் இழுவை குறைவதை ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சமாளிக்கலாம். இறக்கத்தில் என்ஜின் பிடிப்பும் அதே அளவு குறைகிறது, அதற்கு ஈடு பிரேக்தான். மேலும் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, ஒரு சக்கரத்தைக் கல்லில் ஏற்றிப் பார்த்து, டயர் எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்துப் பாடியை மட்டும் உயர்த்துவது பெரிய டயருக்கு இடம் தரும். அடி தட்டுவதற்கு அது மருந்தல்ல.

இனி, உயர்த்துவதால் நாம் இழப்பது. சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வண்டி கவிழாமல் நிற்கும் திறனுக்கு ஓர் எளிய அளவு கிடைக்கும். அகலம் 1,400 மில்லிமீட்டர், ஈர்ப்பு மையம் 700 மில்லிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால் அந்த அளவு 1. ஈர்ப்பு மையம் 50 மில்லிமீட்டர் உயர்ந்தால் 0.93. ஏழு விழுக்காடு போய்விட்டது. மேலே கேரியரில் மூட்டை கட்டி, உள்ளே ஆட்களை நெருக்கி ஏற்றுகிற வண்டியில் மிச்சமிருப்பதே கொஞ்சம்; அதில்தான் இந்த ஏழு கழிகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கோ பழநிக்கோ இறங்கும் சாலையில் வளைவுக்கு வளைவு இந்தக் கணக்கு ஓடுகிறது. தோட்டப் பாதை ஒரு பக்கம் சரிந்திருக்கும் இடத்தில் வேகமே இல்லாமலும் ஓடுகிறது.

சில வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சிறு கம்பி இணைப்போடு பிரேக் வால்வு ஒன்று இருக்கும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் பாரம் இருக்கிறது என்று கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்புவதும், உயர்ந்திருந்தால் காலி என்று கொண்டு குறைப்பதும் அதன் வேலை. வண்டியை உயர்த்திவிட்டுக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், பாரம் ஏற்றியபோதும் அது காலி வண்டி என்றே நினைக்கும்; முன் பிரேக் தனியாக உழைத்துச் சூடேறும். இந்த வேலையில் அதிகம் மறக்கப்படும் பாகம் இதுதான் என்று சொல்வேன். அடுத்து மறக்கப்படுவது முகப்பு விளக்கு. முன்பக்கம் உயர்ந்தால் ஒளியும் உயரும். பெருமாள்மலை பக்கத்து மூடுபனியில் அது எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வதோடு, நமக்கும் பனியை மட்டுமே வெள்ளைச் சுவராகக் காட்டும். விளக்கைத் தாழ்த்த ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றில் உள்ளவை மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு நடந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று வந்தது. தேய்ந்த பாகத்துக்கு அதே அளவில் புதிய பாகம் போடுவது பழுதுபார்ப்பு. அதை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. கட்டை, நீள ஷாக்கிள், பெரிய டயர் என்று போகும்போது எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று வாங்கும் நேரத்தில் ஆய்வாளரும், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனமும் கேள்வி கேட்க இடமிருக்கிறது. வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. முன்னால் மாட்டும் கனத்த இரும்பு கார்டும் இதே பிரிவுக்கு மாறானது என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அதைக் கழற்றினால் முன் ஸ்பிரிங்கின் மேலிருந்து ஒரு கனமும் இறங்கும். காசு செலவில்லாமல் மூக்கு சற்றே நிமிரும்.

ஆகவே குவாலிஸோ டவேராவோ வைத்திருப்பவர் பின்பட்டையைப் புதுப்பித்து, முன் டார்ஷன் பாரை மூல அளவுக்குக் கொண்டுவந்து, புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினால், தேடிய உயரத்தில் பெரும்பகுதி வந்துவிடும். அதன்பிறகும் சுண்ணாம்பு வழிக்கப்பட்டால் இன்னும் 25 மில்லிமீட்டர் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். பழைய ஜீப், ஜிப்ஸிக்காரர்கள் பட்டை வளைவையும் புஷ்ஷையும் சரிசெய்த பிறகு ஷாக்கிளைத் தொட்டால் போதும். பொலிரோவில் பின்பட்டை, பிறகு டயர் என்ற வரிசை நல்லது. மொத்தத்தில் 40 மில்லிமீட்டரைத் தாண்டி உயர்த்த நினைப்பவர், ஹோஸ், ஷாஃப்ட், ஷாக் அப்சார்பர் என ஒவ்வொன்றாக மாற்றவேண்டிய வரிசை தொடங்கிவிடுவதால், மலிவு என்ற எண்ணத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். எந்த வழியில் செய்தாலும், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி யூ போல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்கி, மட்கார்டு அளவுகளை இன்னொருமுறை எடுத்து எழுதி வைக்க வேண்டும். புதிய பட்டைகள் அந்த முதல் ஓட்டத்தில்தான் தங்கள் இடத்தில் அமர்கின்றன.